உணவு கையாளுநர் சான்றிதழ்: நம் ஊர்க் கடைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

பலகையில் 2007இலிருந்து பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும், நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்ட தென்னமரம் பக்கத்தில்தான் இருக்கிறது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களில் பலர் கையில் எடுத்த தொழில் சாப்பாட்டுக் கடை. எங்கள் அம்மாவும் அப்படித்தான். அவர் அடுப்படியில், நான் கல்லாவில்.

கணினி தெரிந்தவள் என்று எப்படியோ பேர் வாங்கிவிட்டேன். உணவு கையாளுநர் சான்றிதழுக்கான பயிற்சிக்குப் பதிவு செய்ய, பாரம் நிரப்ப, சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல என்று, தே குடிக்கிற சாக்கில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். புலனத்திலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

இந்தச் சான்றிதழ் சமைக்கிறவருக்கு மட்டும்தானே? நான் தண்ணி கலக்குற ஆளு.

உங்களுக்கும்தான் அண்ணே. 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகள் ‘உணவு கையாளுநர்’ என்று சொல்வது சமையல்காரரை மட்டும் இல்லை. உணவைத் தயாரிப்பவர், உணவையோ உணவு படும் பாத்திரம், பலகை, மேசையையோ தொடுபவர், பொட்டலம் கட்டுபவர் எல்லாரும் அதில் அடக்கம். தே தாரிக் ஆற்றுகிறவரும், ரொட்டி சானாய் மாவு பிசைகிறவரும், தட்டுக் கழுவுகிற அக்காவும் வருவார்கள். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இதே விதிதான்.

எங்கள் கடையில் கல்லாவில் மட்டும் உட்காரும் நானும் போய் வந்தேன். கூட்டம் வந்தால் நான்தான் சாம்பார் ஊற்றுகிறேன், அப்புறம் எப்படித் தப்பிக்க?

வீட்ல நாசி லெமாக் கட்டி பக்கத்து மினிமார்க்கெட்ல வெக்கிறேன். அறுபது பொட்டலம்தான். எனக்கு எதுக்குமா இதெல்லாம்?

விற்பனைக்கு உணவு தயாராகும் இடம் எதுவோ அது உணவு வளாகம். அது உங்கள் வீட்டு அடுப்படியாக இருந்தாலும் சரி. அறுபதா ஆறாயிரமா என்று சட்டம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர்ப் பழக்கத்தில் வீட்டுச் சமையலை யாரும் தேடி வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு பொட்டலத்தால் ஒரு பிள்ளைக்கு வயிறு போனால், முதலில் கேட்கப்படும் இரண்டு தாள்கள் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு ஊசி அட்டையும்தான்.

இன்னொன்று, இப்போது பல மினிமார்க்கெட்காரர்களும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர்களும் சான்றிதழ் நகல் இல்லாமல் பொட்டலம் எடுப்பதில்லை. சட்டத்துக்குப் பயப்படாவிட்டாலும் வியாபாரத்துக்காகவாவது எடுத்து வையுங்கள்.

இயங்கலையில படிச்சா செல்லுமா? இல்ல கடைய மூடிட்டு வெளியூர் போகணுமா?

செல்லும். கோவிட் காலத்தில் இயங்கலை வகுப்பு பரவலானது, இன்றும் நடக்கிறது. ஒரே நிபந்தனை, நடத்துவது சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியாக இருக்க வேண்டும். மலாயில் ‘செக்கோலா லத்திஹான் பெங்கெண்டாலி மக்கானான்’ என்று போட்டிருப்பார்கள், சுருக்கமாக எஸ்எல்பிஎம். அமைச்சின் உணவுப் பாதுகாப்பு, தரப் பிரிவின் இணையத்தளத்தில் பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள்.

வகுப்பு சுமார் மூன்று மணி நேரம். கட்டணம் பெரும்பாலும் ஐம்பது வெள்ளிதான். பயிற்சியாளர் நேரலையில் பேசுவார், நம் முகமும் திரையில் தெரிய வேண்டும். பதிவு செய்த காணொளியை ஓடவிட்டுவிட்டு வெங்காயம் உரிக்கும் கதை அங்கே நடக்காது.

ஒரு நம்பர் அனுப்பியிருக்காங்க. ஐசி படமும் காசும் அனுப்புனா வகுப்பு இல்லாமலே சர்ட்டிபிகேட் வந்துடுமாம். நெசமா?

தாள் வரும். அழகாகவும் இருக்கும், சின்னமெல்லாம் பளபளவென்று. ஆனால் அது போலி. உங்கள் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது, அதிகாரி சரிபார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பயிற்சி இல்லாதது ஒரு குற்றம், பொய்த்தாள் காட்டுவது அதைவிடப் பெரிய தலைவலி. அதோடு முன்பின் தெரியாதவனுக்கு ஐசியின், அதாவது அடையாள அட்டையின், இரு பக்கத்தையும் அனுப்பியிருப்பீர்கள். அவன் அதை வைத்து என்னென்ன செய்வானோ.

மிச்சமாவது மூன்று மணி நேரம். நம் கடைகளில் கிரிக்கெட் பார்க்க அதைவிட அதிக நேரம் போகிறது.

தோட்டத்து உள்ள லைன் ஒரு கோடு ரெண்டு கோடுதான். பாதியில அறுந்துட்டா?

அறுந்தால் உடனே மறுபடி நுழையுங்கள், நுழைந்ததும் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீண்ட நேரம் காணாமல் போனால் வருகை விழாது, வேறு தேதியில் உட்கார வேண்டிவரும். அதனால் முந்தின நாளே லைன் எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது. டவுனில் சொந்தக்காரர் வீடு, கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி பக்கத்து நிழற்குடை, எதுவானாலும் சரி.

லயத்துப் பக்கமிருந்து ஒரு பெரியம்மா எங்கள் கடைக்கே வந்து உட்கார்ந்து படித்தார். கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்து, டின் நகராமல் இருக்க உள்ளே பாதி அரிசி போட்டார். மூன்று மணி நேரமும் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. இடையில் தே கொண்டுபோய் வைத்தேன், ‘கேமராவில தெரியும், எடு எடு’ என்று விரட்டிவிட்டார். நீங்கள் அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மூன்று காரியம் செய்யுங்கள்: முழு சார்ஜ், ஐசியில் உள்ளபடியே பெயர், பக்கத்தில் பேனாவும் தாளும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சான்றிதழைத் திருத்தி வாங்க இழுபறியாகும். ‘ராஜூ ரோஜாக்’ என்று செல்லப் பெயரில் நுழைந்து மாட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

மலாய் கொஞ்சம்தான் வரும். பரீட்சை உண்டாமே, பெயிலாயிட்டா மானம் போயிடும்.

கடைசியில் ஒரு சின்னக் கேள்வித்தாள் உண்டு. பயிற்சியாளர் அன்றைக்குச் சொன்னதிலிருந்துதான் கேட்பார்கள். கை எப்போது கழுவுவது, பச்சை இறைச்சியைக் குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் வைப்பது, எலி வராமல் என்ன செய்வது, இப்படி. இருபது வருசம் அடுப்படியில் நின்றவருக்கு முக்கால்வாசி தெரிந்திருக்கும். நான் பதிந்துவிட்டவர்களில் மானம் போனவர் இன்றுவரை யாரும் இல்லை.

பெரும்பாலான வகுப்புகள் மலாயில்தான். சில பள்ளிகள் ஆள் சேர்ந்தால் தமிழில் நடத்துகின்றன. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம், தனியாகக் கேட்டால் குறைவு. நம் ஊரில் ஆள் சேர்ப்பதா கஷ்டம்?

டைபாய்ட் ஊசி போட்டாச்சு. அதுதானே இது?

இந்தக் குழப்பம்தான் எனக்கு அதிகமாக வருவது. இரண்டும் வேறு வேறு. விதிமுறைகளில் 30ஆவது விதி பயிற்சியைச் சொல்கிறது, 31ஆவது விதி மருத்துவப் பரிசோதனையையும் தடுப்பூசியையும் சொல்கிறது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று எங்கும் இல்லை.

பயிற்சிச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, ஒரு தடவை எடுத்தால் போதும். ஊசிக்கு மூன்று வருசம்தான் ஆயுள். பதிவு பெற்ற மருத்துவரிடம் போட வேண்டும், நம் ஆட்கள் பெரும்பாலும் தனியார் கிளினிக்கில்தான் போடுகிறார்கள். விலை கிளினிக்குக் கிளினிக் மாறும், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். போட்ட அட்டையில் அடுத்த தேதி இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள், கூடவே கைப்பேசி நாட்காட்டியிலும் குறித்துவிடுங்கள். கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பின்னால் அட்டையைச் செருகிவிட்டு ஐந்து வருசம் கழித்து எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், எங்கள் அம்மா கோபித்துக்கொள்வார்.

எனக்கு ஆயுசுல டைபாய்ட் வந்ததே இல்ல. அப்புறம் ஏன் ஊசி?

டைபாய்டு சால்மோனெல்லா டைஃபி என்ற கிருமியால் வருவது, அசுத்தத் தண்ணீரும் உணவும் அதன் வாகனம். இதில் ஒரு சூது உண்டு. சிலர் உடம்பில் கிருமி குடியிருக்கும், ஆனால் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் கைப்பட்ட சாப்பாடு மற்றவரைப் படுக்க வைக்கும். நியூயார்க்கில் மேரி மாலன் என்று ஒரு சமையல்காரர் இருந்தார். அவர் வேலை பார்த்த வீடுகளில் வரிசையாக டைபாய்டு வந்தது. 1907இல் கண்டுபிடித்துத் தனிமையில் வைத்தார்கள், சமைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு 1910இல் விட்டார்கள். 1915இல் மறுபடி ஒரு பிரசவ மருத்துவமனையில் வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்தார். கடைசிவரை ‘எனக்கு நோயே இல்லை’ என்றுதான் சொன்னாராம். நீங்கள் சொல்வது போலவேதான்.

சர்ட்டிபிகேட்டுக்குக் காசு கட்டுனது முதலாளி. நான் வேற கடைக்குப் போனா அவரே வெச்சுக்கலாமா?

சான்றிதழ் உங்கள் பெயரில், உங்கள் ஐசி எண்ணில் இருக்கிறது. கடை மாறினாலும் உங்களோடு வரும். முதலாளி நகல் வைத்துக்கொள்ளலாம், சோதனைக்கு வரும்போது காட்ட அவருக்கும் அது தேவை. அசல் உங்களிடம் இருக்கட்டும். காசு கட்டியதற்காக ஆறு மாதம் நிற்கிறேன் என்று நீங்கள் பேசி ஒத்துக்கொண்டிருந்தால் அது உங்களுக்குள் உள்ள கணக்கு, அதற்காகத் தாளைப் பிடித்து வைப்பது நியாயமில்லை.

பத்தாயிரம் வெள்ளி அபராதம்னு பயங்காட்டுறாங்களே, நெசமாவே போடுவாங்களா?

மேலே சொன்ன 30, 31 இரண்டு விதிகளுக்கும் நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் உச்சவரம்பு அதுதான்: பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு வருசம் வரை சிறை. அது மேல் எல்லை. முதல் தடவையே யாரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம் இல்லை, பெரும்பாலும் நீதிமன்றம் போகாமல் காசு கட்டித் தீர்க்கும் கம்பவுண்டு நோட்டீஸோடு முடியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைவிட அதிகமாகப் பயப்படுவது 1983 உணவுச் சட்டத்தின் 11ஆவது பிரிவுக்கு. இடம் சுத்தமில்லை என்று கண்டால் பதினான்கு நாள் வரை கடையை மூடச் சொல்லலாம். பெட்டியில் இருக்கிற கோழி, மீன், ஆளுக்குக் கொடுக்க வேண்டிய கூலி, வேறு கடை ருசி பார்த்துப் பழகிவிடும் வாடிக்கையாளர், எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். எலிப் புழுக்கையும் கரப்பானும் அடைத்த சாக்கடையும்தான் பெரும்பாலும் அந்த இடத்துக்குக் கொண்டுபோகும்.

லைசென்ஸ் இருக்கு. இப்ப போசிம்ல பதியணும்னு சொல்றாரு. ரெண்டு தடவ காசு புடுங்குறாங்களா?

போசிம் பதிவு இலவசம், காசு கேட்டால் கேட்டவர் இடைத்தரகர். லைசென்ஸ் தருவது நகராண்மைக் கழகம். போசிம் சுகாதார அமைச்சின் பதிவு, கடையும் கேட்டரிங்கும் எங்கே இருக்கின்றன என்று அவர்கள் தெரிந்துகொள்ள. மூன்று வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இயங்கலையிலேயே செய்துவிடலாம்.

சுவரில் ஒட்டும் ஏ, பி, சி தரம் நகராண்மைக் கழகத்தின் மதிப்பீடு. ‘பெஸ்’ என்பது சுத்தம், பாதுகாப்பு, ஆரோக்கியத்துக்காக அமைச்சு தரும் அங்கீகாரம், விரும்புபவர் விண்ணப்பிக்கலாம். முறுக்கு, ஊறுகாய் என்று பாக்கெட் போட்டு விற்பவர்களுக்கு ‘மெஸ்டி’. ஹலால் சான்றிதழ் வேறு துறை. இவை எதுவும் பயிற்சிக்கு ஈடாகாது.

தாலிய எப்படிக் கழட்டுறது? வளையல் வேற. இதெல்லாம் கேக்குறாங்களே.

தாலியைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ரவிக்கைக்குள் போட்டு, மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டால் முடிந்தது. குனியும்போது குழம்புக்குள் தொங்கக் கூடாது, அவ்வளவுதான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய கோயில் கயிறு இவற்றைத்தான் கழற்ற வேண்டும். அவற்றுக்கு அடியில் மாவு ஒட்டும், ஈரம் தங்கும், அங்கே சோப்பு போகாது. கயிற்றைப் பற்றி மனசு கேட்காதவர்கள் அதைப் புஜத்தில் மேலே கட்டிக்கொள்கிறார்கள்.

பூ வைத்தால் தொப்பிக்குள் இருக்கட்டும். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ரசத்தில் மல்லி மொட்டு கிடந்தது. சாப்பிட்டவர் கிராம்பு என்று நினைத்துக் கடித்துவிட்டார். நல்ல மனிதர், ‘வாசனையா இருக்கு’ என்று மட்டும் சொன்னார்.

கையுறை போட்டாச்சே, அப்புறம் கை வேற கழுவணுமா?

கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். கையுறை போட்ட கையால் கோழி வெட்டி, அதே கையால் காசு வாங்கி, அதே கையால் வடையை எடுத்துத் தருவதை எங்கள் வரிசையிலேயே தினமும் பார்க்கிறேன். வெறும் கையாக இருந்தால் பிசுபிசுப்பு தெரிந்து கழுவியிருப்பார். கையுறை போட்டதால் அந்த உணர்வும் போய்விட்டது. வேலை மாறினால் கையுறை மாற வேண்டும். முடியாது என்றால் கையுறையே வேண்டாம், சோப்பு போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள், பலகாரத்தை இடுக்கியால் எடுங்கள்.

முப்பது வருசமா இப்படித்தான் சமைக்கிறோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. புதுசா என்ன கத்துக்கொடுக்கப் போறாங்க?

இதைக் கேட்டவர் எங்கள் அம்மா. அவர் அடுப்படி பளிங்கு மாதிரி இருக்கும். அழுக்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வகுப்பில் அவரை வாய் மூட வைத்த விஷயம் மணிக்கணக்கு. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் கிருமிக்குக் கொண்டாட்டம். நம் ஊர் வெயிலில் மேசையில் வைத்த எதுவும் நாள் முழுக்க அந்த நடுவிலேயேதான் இருக்கும்.

என் தம்பி பிள்ளைக்கு முப்பதாம் நாள் விருந்து. காலையில் நேரம் இருக்காது என்று, முந்தின ராத்திரி பத்து மணிக்கே ஆட்டுக்கறி சமைத்து இறக்கினோம். பெரிய அண்டா. ஈ மொய்க்கக் கூடாது என்று மூடியைப் போட்டு, மேலே துணியும் சுற்றினேன். சுற்றியது நான்தான். காலையில் அண்டாவைத் தொட்டால் இன்னும் இளஞ்சூடு. ‘பார், சூடு கூட ஆறலை’ என்று சந்தோஷப்பட்டோம். லேசாகச் சூடு பண்ணிப் பரிமாறினோம். அன்று ராத்திரி சொந்தத்தில் பதினோரு பேருக்கு வயிற்று வலியும் போக்கும். புதுப்பிள்ளையின் தாத்தாவுக்குச் சொட்டு மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. கறியில் குறை, ஆட்டுக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் ரொம்ப நாள் பேசிக்கொண்டோம்.

வகுப்பில் பயிற்சியாளர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்று ஒரு பெயரைச் சொல்லி, பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும் கறிக்குழம்புதான் அதற்குப் பிடித்த வீடு என்றார். அதன் வித்து கொதியில் சாகாது. குழம்பு நாற்பது டிகிரி பக்கம் இறங்கும்போது விழித்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த இளஞ்சூட்டு அண்டா இரண்டு பேர் மனசிலும் வந்து நின்றது. எங்கள் பதினோரு பேரும் பிழைத்தார்கள். கெடா பாலிங்கில் 2018 அக்டோபரில் லக்சா சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் பிழைக்கவில்லை, அங்கே காரணம் சால்மோனெல்லா.

அப்ப ராத்திரி சமைக்கவே கூடாதா? கல்யாண ஆர்டர் வந்தா என்ன பண்றது?

சமைக்கலாம், சீக்கிரம் ஆற வைக்க வேண்டும். அண்டாவோடு விடாமல், நாலு விரல் உயரம் உள்ள அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள். தட்டுக்கு அடியில் ஐஸ் தண்ணீர், மேலே மின்விசிறி. ஆவி அடங்கியதும் குளிர்பெட்டிக்குள். இரண்டு மணி நேரத்தில் இருபது டிகிரி பக்கம் இறங்கி, அடுத்த நாலு மணி நேரத்தில் ஐந்து டிகிரிக்கு வந்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் இடம் இல்லையா? அந்த ஆர்டருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பதுதான் வழி. எங்கள் கடையில் இப்போது அப்படித்தான்.

கம்பி போல நீளமாக இருக்கும் உணவு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அம்மா முதலில் ‘குழம்புக்குக் காய்ச்சலா’ என்று சிரித்தார். இப்போது அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார், எனக்குக் கூடத் தருவதில்லை.

மறுபடி தளதளன்னு கொதிக்க வெச்சா எல்லாக் கிருமியும் செத்துடாதா?

சில சமயம் சாகும். மேலே சொன்ன கறிக்குழம்புக் கிருமியை நன்றாகக் கொதிக்க வைத்திருந்தால் அடக்கியிருக்கலாம். நாங்கள் லேசாகத்தான் சூடு பண்ணினோம். சூடு பண்ணுவதென்றால் நடுப்பகுதி வரை குறைந்தது எழுபது டிகிரிக்கு மேல் போக வேண்டும், ஓரத்தில் குமிழி வந்தால் போதாது.

ஆனால் வேறு சில கிருமிகள் உணவிலேயே நஞ்சைக் கக்கிவிடும். கிருமி செத்தாலும் நஞ்சு கொதியில் அழியாது. மூக்கிலும் கைப்புண்ணிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஒன்று. அறைச்சூட்டில் கிடந்த சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் இன்னொன்று. நேற்றைய சோற்றை இன்றைக்கு நாசி கோரேங் ஆக்குவதில் தப்பில்லை, அது ராத்திரி குளிர்பெட்டியில் தூங்கியிருந்தால். பானையோடு மேசையில் தூங்கிய சோற்றை எந்த வாணலியும் காப்பாற்றாது. மணம் மாறாது, ருசி மாறாது, சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். ‘முகர்ந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு’ என்பது இதில் எடுபடாது.

காலைல அஞ்சு மணிக்குக் கட்டுன நாசி லெமாக்க எத்தன மணி வரைக்கும் விக்கலாம்?

சமைத்ததிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதுதான் அமைச்சு சொல்லும் கணக்கு. கட்டியதிலிருந்து இல்லை, அடுப்பிலிருந்து இறக்கியதிலிருந்து. நாலரைக்குச் சோறு இறக்கினால் எட்டரையோடு சரி. தேங்காய்ப்பால் சோறு, அவித்த முட்டை, சம்பல், இவ்வளவும் வாழை இலையில் சூடாக அடைபட்டிருக்கிறது. கிருமிக்கு அதைவிட நல்ல மெத்தை கிடைக்காது.

இரண்டு தடவையாகச் சமைப்பவர்கள் தப்பிக்கிறார்கள், நாலரைக்கு ஒரு பானை, ஏழுக்கு ஒரு பானை. பொட்டலத்தில் பேனாவால் மணியை எழுதுங்கள். வாங்கி பையில் போட்டுக்கொண்டு மத்தியானம் செம்பனைக் காட்டில் உட்கார்ந்து பிரிப்பவருக்கு அது தெரிய வேண்டும். அவருக்குக் கொடுக்கும்போதே ‘பசியாறலுக்கா, மத்தியானத்துக்கா’ என்று கேட்பது எங்கள் வழக்கம். மத்தியானத்துக்கு என்றால் வறுத்த மீனும் வெறும் சோறுமாக அப்போதே புதிதாகக் கட்டித் தருகிறோம். நாலு மணி நேரக் கணக்கு அதற்கும் உண்டு என்று சொல்லித்தான் கொடுக்கிறோம்.

கோயில்ல அன்னதானம். விக்கல, தானம்தான். அதுக்கும் சர்ட்டிபிகேட்டா?

கிருமிக்கு விற்பனை, தானம் தெரியாது. ஆயிரம் பேருக்கு ஒரே அண்டாவில் சாம்பார் என்றால் எங்கள் முப்பதாம் நாள் கதையைப் போல நூறு மடங்கு. திருவிழாவுக்கு முன்பே மாவட்ட சுகாதார அலுவலகத்தில் போய்ப் பேசிவிடுங்கள், கேட்டால் ஆலோசனை சொல்வார்கள். அடுப்புக்குத் தலைமை தாங்கும் நாலு பேராவது பயிற்சி எடுத்தவராக இருப்பது நல்லது. நல்ல எண்ணத்தில் உதவிக்கு வருகிற ஐம்பது பேரையும் கரண்டி பிடிக்க விடாதீர்கள். காய் நறுக்க, இலை துடைக்க என்று பிரித்துக் கொடுங்கள். மோரும் தயிர்ச்சாதமும் வெயில் பந்தலில் நிற்கக் கூடாது, ஐஸ் பெட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

தைப்பூசத்தில் பந்தல் போட்டு விற்பனை செய்பவர்கள் கதை வேறு. அவர்களிடம் தற்காலிக அனுமதிக்கே ஊசி அட்டை கேட்பார்கள்.

வயித்துப்போக்கோட ஆள் வேலைக்கு வருது. திருப்பி அனுப்புனா அன்னிக்குக் கூலி போயிடும்னு அழுவுது. என்ன செய்ய?

வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள்காமாலை, கையில் சீழ்ப்புண் இருப்பவர் உணவைத் தொடக் கூடாது என்று வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அதில் பேச்சில்லை. நீங்கள் கேட்பது கூலியைப் பற்றி. நாள் கூலிக்கு வருபவரிடம் ‘வீட்டுக்குப் போ’ என்று மட்டும் சொன்னால், அடுத்த தடவை அவர் மருந்தை முழுங்கிவிட்டுச் சொல்லாமல் வந்து நிற்பார். ஆபத்து அங்கேதான்.

எங்கள் கடையில் இப்போதைய ஏற்பாடு இது. காலையிலேயே போன் போட்டு உண்மையைச் சொன்னால் அன்றைக்குப் பாதிக் கூலி உண்டு, கிளினிக் சீட்டு கொண்டுவந்தால் முழுக் கூலி. போக்கு நின்று இரண்டு நாள் கழித்துத்தான் அடுப்படி. ஆரம்பத்தில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாருக்கும் திங்கட்கிழமை வயிறு வலிக்கும் என்றார். ஒருத்தர் இரண்டு தடவை அப்படிச் செய்யவும் செய்தார். இந்த வருசம் இதுவரை பாதிக் கூலியாகப் போனது நூற்றுச் சொச்சம் வெள்ளி. கணக்கு நோட்டில் அதை அம்மா ‘கேஸ், கோழி’ வரிசையிலேயே எழுதி வைத்திருக்கிறார்.